சாரிட்டி கோல்ஃப்ல கோச் உங்க டீம்ல இருந்தா ஜெயிக்கிறது எப்படி

டல்லாஸ் பக்கம் ஐடில இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த மெயில் வந்துடும், "சாரிட்டி கோல்ஃப் நடத்துறோம், டீம்ல ஒரு ஆள் குறையுது, வர்றியா"ன்னு. கூப்பிடுறது டைரக்டர்ங்கிறதால முடியாதுன்னும் சொல்ல முடியாது, சரின்னு சொல்லிட்டு ஓசில கெடச்ச பழைய கிளப்ப (கோல்ஃப் மட்டை) வெச்சு வீட்டுப் பின்னாடி புல்ல நாசம் பண்ணி வீட்டுக்காரம்மாகிட்ட திட்டு வாங்குவோம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். மூணு வருஷம் கடைசிக்கு முந்தின இடம். நாலாவது வருஷம் எங்க டீமுக்கு ஒரு கோல்ஃப் கோச் வந்தாங்க, அறுபது வயசு இருக்கும், ரேஞ்சுல, அதாவது பந்து அடிச்சுப் பழகுற எடத்துல, சின்னப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கிற அம்மா, அந்த வருஷம் கப்பு எங்களுக்கு. இதுல என்னன்னா அவங்க பந்த ஒண்ணும் பயங்கர தூரம் அடிக்கல, எங்க டீம்ல ஜிம்முக்குப் போற தம்பி அவங்கள விட நாப்பது கெஜம் கூடவே அடிச்சான். அப்புறம் எப்படி ஜெயிச்சோம்னு கேட்டீங்கன்னா, யாரு எப்ப அடிக்கணும், எந்தப் பந்த எடுக்கணும்னு அவங்க முடிவு பண்ணாங்க, நாங்க வாய மூடிக்கிட்டு கேட்டோம், அவ்ளோதான். அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஆட்டம் என்னன்னு தெரியாதவங்களுக்கு. சாரிட்டி டோர்னமெண்ட் பெரும்பாலும் ஸ்கிராம்பிள்னு ஒரு முறைலதான் நடக்கும். நாலு பேர் ஒரு டீம், நாலு பேரும் டீல (ஆரம்பிக்கிற எடம்) இருந்து அடிப்பாங்க, அதுல நல்லா விழுந்த ஒரு பந்த எடுத்துக்கிட்டு மத்த மூணையும் பொறுக்கிட்டு வந்து எல்லாரும் அந்த எடத்துல இருந்து மறுபடி அடிக்கணும், பந்து குழிக்குள்ள போற வரைக்கும் இப்படியே. ஒருத்தன் தண்ணிக்குள்ள அடிச்சாலும் இன்னொருத்தன் காப்பாத்திடுவான்ங்கிறதாலதான் புதுசா ஆடுறவங்களயும் தைரியமா கூப்பிடுறாங்க. டீல இருந்து குழி வரைக்கும் ஒரு ஹோல்னு கணக்கு. எல்லா டீமும் ஒரே நேரத்துல வேற வேற ஹோல்ல இருந்து ஆரம்பிக்கும், அதுக்கு ஷாட்கன் ஸ்டார்ட்னு பேரு, நீங்க 14வது ஹோல்ல ஆரம்பிச்சு 13ல முடிக்கலாம், கொழம்பிடாதீங்க.

பேரு குடுக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு விஷயம் கேட்டு வெச்சுக்கோங்க. ஒண்ணு, கோச் ஆடலாமா. காசு வாங்கிட்டு கோல்ஃப் சொல்லிக் குடுக்கிறவங்க விதிப்படி அமெச்சூர் கிடையாது, அதனால சில எடத்துல ஒரு டீமுக்கு ஒரு புரோ (தொழில்முறை ஆளு) தான்னு சொல்லுவாங்க, சில எடத்துல பரிசு கிடையாதுன்னு சொல்லுவாங்க, சில எடத்துல கண்டுக்கவே மாட்டாங்க. முன்னாடியே மெயில்ல கேட்டு பதில எடுத்து வெச்சுக்கோங்க. நாங்க கேட்டு வெச்சிருந்தோம், அதனாலதான் தப்பிச்சோம், ஏன்னா ஜெயிச்ச அப்புறம் பக்கத்து டேபிள்ல ஒருத்தர் "ரிங்கர் கூட்டிட்டு வந்துட்டாங்க"ன்னு ஆரம்பிச்சாரு. ரிங்கர்னா ஜெயிக்கிறதுக்குன்னே வெளிய இருந்து எறக்குற ஆளு. நான் மெயில காட்டினேன், பேச்சு அதோட நின்னுடுச்சு.

ரெண்டாவது, ஹேண்டிகேப் உண்டா இல்ல அடிச்ச கணக்கு மட்டுமா. ஹேண்டிகேப்னா சுமாரா ஆடுறவங்களுக்கு அடிச்ச கணக்குல கழிச்சுக் குடுக்கிற தள்ளுபடி. ஹேண்டிகேப் இருந்தா நாலு பேர் ஸ்கிராம்பிளுக்கு பரிந்துரைக்கிற கணக்கு, நல்லா ஆடுறவர்ல இருந்து வரிசையா 25, 20, 15, 10 சதவீதம். உதாரணத்துக்கு கோச்சுக்கு 2, மத்தவங்களுக்கு 14, 20, 28னா 0.5, 2.8, 3, 2.8, கூட்டினா 9.1, அதாவது டீமுக்கு 9 ஸ்ட்ரோக் (அடி) கழியும். கோச் வந்துட்டா இந்த தள்ளுபடி நல்லாவே கொறையும், அத தெரிஞ்சுக்கிட்டு போங்க. ஹேண்டிகேப்ப ஏத்தி சொல்றது மட்டும் வேண்டாம், குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு காசு சேக்குற எடத்துல போயி நாலு ஸ்ட்ரோக்குக்கு பொய் சொல்றதெல்லாம் ரொம்ப கேவலம்.

காசு விஷயத்தயும் சொல்லிடுறேன், நம்மாளுங்க எப்படியும் கேப்பாங்க. கட்டின முழுத் தொகைக்கும் வரி விலக்கு கிடையாது. 150 டாலர் கட்டி, சாப்பாடு, கோர்ஸ் ஃபீஸ், கார்ட் (கோல்ஃப் வண்டி) எல்லாம் சேத்து 90 டாலர் மதிப்புன்னா மிச்சம் 60தான் நன்கொடை. 75 டாலருக்கு மேல வாங்கினா அந்த மதிப்பு எவ்ளோன்னு அவங்க எழுதித் தரணும், கேட்டு வாங்கிக்கோங்க. ராஃபிள் (குலுக்கல்) டிக்கெட் காசு கணக்குலயே வராது. அன்னிக்கு டேபிள்ல முல்லிகன் விப்பாங்க, அதாவது சரியா அடிக்கலன்னா இன்னொரு தடவை அடிக்க அனுமதி சீட்டு. அத கண்டிப்பா எத்தன தர்றாங்களோ அத்தனையும் வாங்குங்க, எல்லாரும் வாங்குவாங்க, நீங்க மட்டும் சிக்கனம் பாத்தா ரெண்டு மூணு ஸ்ட்ரோக் பின்னாடியே ஆரம்பிக்கிறீங்க. ஆனா வாங்கினத முதல் ஹோல்லயே டிரைவ் (டீல இருந்து அடிக்கிற முதல் அடி) சரியில்லன்னு செலவு பண்ணாதீங்க, நாலு பேர்ல ஒரு டிரைவ் எப்படியும் நல்லா விழும். எங்க கோச் நாலு சீட்டயும் புடுங்கி அவங்க பேக்குல போட்டுக்கிட்டாங்க, ஆறடி எட்டடி புட்ட (குழிய பாத்து பந்த உருட்டுற அடி) நாலு பேரும் விட்டா மட்டுந்தான் ஒண்ணு வெளிய வரும்.

காலைல நேரத்தோட போங்க, போயி ரேஞ்சுல நின்னு நூறு பந்து அடிக்காதீங்க. நான் அப்படித்தான் அடிச்சுக்கிட்டு இருந்தேன், கோச்சப் பாத்து "என் ஸ்விங்க கொஞ்சம் பாருங்களேன், பந்து வலது பக்கமே போகுது"ன்னேன். இன்னிக்கு வலது பக்கமே போகட்டும், நீ இடது பக்கம் பாத்து நில்லுன்னு சொல்லிட்டு புட்டிங் கிரீனுக்குப் போயிட்டாங்க. அப்ப கடுப்பாத்தான் இருந்துச்சு, ஆனா அவங்க சொன்னது சரி, கிரிக்கெட் ஆடி ஆடி இருவது வருஷமா ஊறின கைய அரை மணி நேரத்துல மாத்தவா முடியும், மாத்தப் போனா இருக்கிறதும் கெட்டுடும். கோச் கூட ஆடுறப்ப நெறைய பேர் பண்ற தப்பு இதுதான், ஓசில லெசன் கெடைக்குதேன்னு அடிக்கு அடி ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க. லெசன் வேணும்னா வேற ஒரு நாள் காசு குடுத்துப் போங்க. அன்னிக்கு கேக்க வேண்டியது "எங்க பாத்து அடிக்கட்டும், எந்தக் கிளப்"னு ரெண்டே கேள்வி. ஒரே டீம்ல இருக்கிறவங்க இப்படி யோசனை சொல்லிக்கிறதுக்கு தடை எதுவும் இல்ல.

டீல யாரு முதல்ல அடிக்கணும்? தூரம் அடிக்கிறவன முதல்ல விடாதீங்க. நேரா அடிக்கிறவங்க முதல்ல, எங்க டீம்ல கோச். அவங்க 190 கெஜம் ஃபேர்வே (ஒட்ட வெட்டின புல் பாதை) நடுவுல போட்டுட்டாங்கன்னா மத்த மூணு பேருக்கும் பயம் போயிடும், ஒரு பந்து பத்திரமா கிடக்குது, இனிமே ஓங்கி அடிக்கலாம். ஜிம் தம்பி கடைசி. கோச் கொஞ்சம் முன்னாடி இருக்கிற பெண்கள் டீல இருந்தோ சீனியர் டீல இருந்தோ ஆடலாம்னு நடத்துறவங்க சொன்னா தயங்காம ஆடச் சொல்லுங்க, அது குறுக்குவழி இல்ல, அதுக்குத்தான் அந்த டீயே இருக்கு.

எந்தப் பந்த எடுக்கிறதுங்கிறதுல நம்ம மனசு எப்பவுமே முன்னாடி கிடக்கிறது மேலதான் போகும். ஒரு பார் 4ல, அதாவது நாலு அடில முடிக்க வேண்டிய ஹோல்ல, தம்பி பந்து கிரீனுக்கு (குழி இருக்கிற புல்தரை) 45 கெஜத்துல ரஃப்ல (நீளப் புல்லு), நடுவுல ஒரு பங்கர் (மணல் பள்ளம்). கோச் பந்து 100 கெஜத்துல ஃபேர்வேல. நாங்க மூணு பேரும் கார்ட்ட தம்பி பந்துகிட்ட ஓட்டிட்டோம். அவங்க பின்னாடியே நின்னுக்கிட்டு கைய ஆட்டி திரும்பி வரச் சொன்னாங்க. நீளப் புல்லுல இருந்து பங்கர தாண்டி அடிச்சா பந்து நிக்காம ஓடிடும், அரைகுறை ஸ்விங்ல தூரமும் நம்ம கையில இருக்காது, 100 கெஜம்னா வெட்ஜ (கிட்டத்துல இருந்து அடிக்கிற கிளப்) முழுசா ஒரு சுத்து சுத்தினா போதும். அந்த ஹோல்ல பர்டி, அதாவது பாருக்கு ஒண்ணு கம்மி. ஆனா தம்பி பந்து ஃபேர்வேல கிடந்தா சந்தேகமே வேண்டாம், அதுதான். எடுத்த எடத்துல இருந்து பொதுவா ஒரு கிளப் நீளத்துக்குள்ள வெச்சுக்க விடுவாங்க, ஆனா ரஃப்ல இருந்து ஃபேர்வேக்கு நகர்த்துறது, குழிக்கு பக்கமா போறது எல்லாம் கிடையாது.

டிரைவ் கணக்கு வேற இருக்கு. நல்லா ஆடுற ஒருத்தரே இழுத்துட்டுப் போகக் கூடாதுன்னு ஒவ்வொருத்தர் டிரைவும் ரெண்டோ மூணோ கட்டாயம் எடுக்கணும்னு நெறைய எடத்துல வெச்சிருப்பாங்க. கோச் டீம்ல இருந்தா இதுதான் காலை வாரும். என்ன மாதிரி ஆளு டிரைவ எப்பவாச்சும் ஒண்ணு நல்லா விழுந்த உடனே எடுத்துடுங்க, கோச் பந்து இருவது கெஜம் முன்னாடி கிடந்தாலும் பரவாயில்ல. பார் 3 ஹோல்ல கிரீன் மேல விழுந்தா அதுவும் டிரைவ் கணக்குதான், அத விட்டுடாதீங்க. நாங்க கோச் சொல்லச் சொல்ல கேக்காம என்னோடத ஒண்ணு பாக்கி வெச்சுட்டோம், கடைசி ஹோல்ல நான் அடிச்சே ஆகணும், மூணு பேரும் பின்னாடி கைய கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, எனக்கு டீய தரையில குத்தவே கை நடுங்குது, அந்தச் சின்னக் குச்சி ரெண்டு தடவை சாஞ்சுடுச்சு. எப்படியோ 160 கெஜம் போச்சு. பார் எடுத்தோம், பர்டி எடுத்திருக்க வேண்டிய ஹோல்.

இப்ப புட்டிங்குக்கு வர்றேன், ஜெயிக்கிறதே இங்கதான். டிவில வர்ற பிஜிஏ டூர் ஆளுங்களே எட்டடில இருந்து பாதிக்குப் பாதிதான் போடுறாங்க. நம்மள மாதிரி ஆளு நாலுல ஒண்ணு போடுவான்னு வெச்சுக்கலாம். ஆனா நாலு பேர் அதே எடத்துல இருந்து போடுறப்ப யாராவது ஒருத்தர் போடுற வாய்ப்பு கிட்டத்தட்ட 68 சதவீதம், அதாவது டூர் பிளேயர விட நாம மேல! அதோட முன்னாடி போன பந்து எப்படி வளையுதுன்னு பாத்துட்டே அடுத்தவர் போடலாம். அதனால வரிசை முக்கியம். சுமாரா புட் பண்றவர் முதல்ல, அவருக்கு ஒரே வேலைதான், பந்து குழிய தாண்டிப் போகணும். குழி வரைக்கும் வராத பந்து வளைவ முழுசா காட்டாது, அந்த புட் வீண். நல்லா போடுறவர் கடைசி, மூணு பந்து போன வழிய பாத்துட்டு போடுவார். எங்க கோச் எப்பவும் நாலாவது. அடுத்தவங்க போடுறப்ப குழிக்குப் பின்னாடி குத்த வெச்சு உக்காந்து கடைசி ரெண்டடிய மட்டும் பாப்பாங்க, பந்து வேகம் கொறையிற எடத்துலதான் அதிகமா வளையும்னு.

டெக்சாஸ்ல நெறைய கோர்ஸ்ல பெர்முடா புல்லு, அது ஒரு பக்கமா சாஞ்சு வளரும். நீங்க நிக்கிற எடத்துல இருந்து பாக்க புல்லு மினுமினுன்னு இருந்தா அது உங்கள விட்டு அந்தப் பக்கமா சாஞ்சிருக்கு, பந்து வேகமா ஓடும், கருப்பா தெரிஞ்சா உங்களப் பாத்து சாஞ்சிருக்கு, கொஞ்சம் ஓங்கிப் போடணும். தெரியலன்னா குழியோட விளிம்பப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் பிஞ்சு பழுப்பா இருக்கும், புல்லு அந்தப் பக்கமாதான் சாஞ்சிருக்கு. இத எனக்கு அந்தம்மா நாலாவது ஹோல்ல காட்டினாங்க, மூணு வருஷமா அதே கோர்ஸ்ல ஆடிட்டு நான் குழிய குனிஞ்சு பாத்ததே இல்ல.

அதே நாலாவது ஹோல்ல ஒரு கூத்தும் பண்ணேன். முதல் புட் என்னோடது, ஒரு அடி தள்ளி நின்னுச்சு, பழக்க தோஷத்துல போயி தட்டி உள்ள போடப் போனேன். கோச் போட்ட சத்தத்துல பக்கத்து ஹோல்ல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. ஏன்னா நெறைய ஸ்கிராம்பிள்ல டீம்ல ஒருத்தர் பந்து உள்ள போயிட்டா அந்த ஹோல் அதோட முடிஞ்சுது, மத்த மூணு பேருக்கும் புட் கிடையாது. தவறின புட்ட அப்படியே விட்டுட்டு நகந்து வந்துடுங்க, கைய கட்டிக்கிட்டு நில்லுங்க.

ஹோல் இன் ஒன் (ஒரே அடில குழிக்குள்ள) அடிச்சா கார்னு ஒரு பார் 3ல வண்டிய நிறுத்தி வெச்சிருப்பாங்க. அது இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கிறது, தூரம், சாட்சின்னு கண்டிஷன் இருக்கும், புரோக்களுக்கு பெரும்பாலும் கிடையாது. சாதாரண ஆளுக்கு 12,500ல 1ன்னு சொல்லுவாங்க, அந்த ஹோல்ல கார பாத்து அடிக்காம கிரீன் நடுவ பாத்து அடிங்க. வெயிலுக்கு தண்ணி குடிங்க, பீர் வண்டி வர்றப்பல்லாம் வாங்காதீங்க, பத்தாவது ஹோலுக்கு மேல புட்டுல தெரியும்.

ஸ்கோர்கார்டு ஒவ்வொரு ஹோல் முடிஞ்ச உடனே எழுதுங்க. நாங்க 57, பார் 72க்கு 15 கீழ, இன்னொரு டீமும் அதே 57. இந்த மாதிரி சமமா வந்தா பெரும்பாலும் ஸ்கோர்கார்ட ஒப்பிட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க, கஷ்டமான ஹோல்ல யாரு கம்மின்னு பாப்பாங்க, எங்க கோர்ஸ்ல அது 7வது, அங்க எங்களுக்கு பர்டி, அவங்களுக்கு பார். தம்பி பந்த விட்டுட்டு 100 கெஜத்துல இருந்து அடிச்சோமே, அதே ஹோல்.

பரிசு கடை வவுச்சர். கோச் அவங்க பங்க சாரிட்டிக்கு நடந்த ஏலத்துக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க, நாங்களும் முழிச்சுட்டு குடுத்தோம். நீங்க கோச்ச கூப்பிடுறதா இருந்தா என்ட்ரி ஃபீஸ நீங்க கட்டுங்க, சனிக்கிழமைன்னா அவங்களுக்கு நாலஞ்சு லெசன் இருக்கும், அந்த வருமானத்த விட்டுட்டுதான் வர்றாங்க. அப்புறம் மூணு மாசம் முன்னாடியே கேட்டுடுங்க. இந்த வருஷம் நாங்க ஆற அமர கேட்டோம், அவங்க அந்த 57 அடிச்ச இன்னொரு டீமுக்கு சரின்னு சொல்லிட்டாங்களாம்.