ஒய்-27632: கரைப்பதிலிருந்து கழுவி எடுப்பது வரை

மனித ஐபிஎஸ் செல்களைக் (சாதாரண உடல் செல்களிலிருந்து உருவாக்கும் ஸ்டெம் செல்கள்) கொத்தாக இல்லாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டில் போட்டால் பெரும்பகுதி செத்துவிடும். பக்கத்துச் செல்லின் பிடி விட்டதும் ராக் என்ற கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் என்சைம்) வரம்பு மீறி, செல்லைச் சுருக்கும் ஆக்டின்-மயோசின் இழைகளை இறுக்குகிறது. செல்லின் மேற்பரப்பு கொப்புளங்களாகப் புடைக்கிறது, செல் இறக்கிறது. இதைத் தடுக்கத்தான் ராக்கை முடக்கும் ஒய்-27632 என்ற மருந்து. மனிதக் கரு ஸ்டெம் செல்களை இது காப்பாற்றுகிறது என்பதை கோபேயின் ரிகென் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள்.

டைஹைட்ரோகுளோரைடு உப்பாக வருவதால் தண்ணீரிலேயே கரையும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் வேண்டாம் என்பது பெரிய வசதி.

படி 1: லேபிளைப் படியுங்கள்
மூலக்கூறு எடை நீரற்ற உப்புக்கு 320.3, மோனோஹைட்ரேட்டுக்கு 338.3. இணையத்தில் கிடைக்கும் 247.3 என்பது உப்பு சேராத வடிவத்தின் எடை. அதை வைத்துக் கணக்குப் போட்டால் 10 மில்லிமோலார் என்று நினைத்த ஸ்டாக் (அடர்த்தியான மூலக் கரைசல்), நீரற்ற உப்பு என்றால், உண்மையில் 7.7தான் இருக்கும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

படி 2: கரையுங்கள்
வயல் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் தூளில் படியும். ஒரு நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மூடியில் ஒட்டியதைக் கீழே இறக்குங்கள். 5 மி.கி. வயலில், மீண்டும் எடை போடாமல், நேராகவே கிருமி நீக்கிய தண்ணீரை விடுங்கள்: நீரற்ற உப்பு என்றால் 1.56 மி.லி., மோனோஹைட்ரேட் என்றால் 1.48 மி.லி. இது 10 மில்லிமோலார் ஸ்டாக். தெளிவான கரைசல் வர வேண்டும். 0.22 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டரில் வடிகட்டுங்கள். சிறிய ஃபில்டர் போதும், பெரியது கரைசலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஃபில்டரை முன்கூட்டித் தண்ணீரில் நனைத்தால் ஸ்டாக் நீர்த்துப்போகும்.

படி 3: பிரித்து வையுங்கள்
50 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில், வெளிச்சம் படாமல், -20 டிகிரியில். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

படி 4: செல்லுக்குக் கொடுங்கள்
10 மி.லி. மீடியத்துக்கு (செல் வளரும் ஊட்டத் திரவம்) 10 மைக்ரோலிட்டர் ஸ்டாக், அதாவது 10 மைக்ரோமோலார். அக்யூடேஸ் என்ற என்சைம் கலவையால் பிரித்த செல்களைச் சுழற்றி எடுத்ததும் இந்த மீடியத்திலேயே கலக்கி, அதிலேயே தட்டில் போடுங்கள். செல்களைப் போட்டுச் சில மணி நேரம் கழித்துச் சேர்த்தால் பயன் குறைவு. அதற்குள் இறப்பு தொடங்கிவிடும்.

படி 5: மறுநாள் எடுத்துவிடுங்கள்
24 மணி நேரத்தில் மருந்தில்லாத மீடியத்துக்கு மாற்றுங்கள். அப்போது செல்கள் நீண்டு, கூரிய முனைகளோடு சிதறித் தெரியும். வேறுவகைச் செல்லாக மாறிவிட்டன என்று பதறி வீசிவிட வேண்டாம். மருந்து போனதும் மீண்டும் நெருங்கிக் காலனியாகும். மாற்றாமல் விட்டால் அந்த உருவமே நீடிக்கும்.

செல்கள் அப்படியும் இறந்தால் மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள். ராக்கைத் தடுக்க ஒரு மைக்ரோமோலாருக்கும் குறைவான செறிவே சோதனைக் குழாயில் போதும். அளவு ஏற ஏற பிஆர்கே2 போன்ற பிற கைனேஸ்களும் சிக்கும். அக்யூடேஸில் அதிக நேரம் விட்டீர்களா, செல்கள் ஒட்டுவதற்காகத் தட்டில் இட்ட மேட்ரிக்ஸ் பூச்சு காய்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாமல் வைக்கும் தட்டுக் குழிகளில், ஸ்டாக்குக்குப் பதில் அதே அளவு தண்ணீரை மட்டும் விடுங்கள்.