சிறு பைபர் படகில் மீன் காட்டும் கருவியின் டிரான்ஸ்டியூசரை எங்கே பொருத்துவது?

மீன் காட்டும் கருவியை வாங்கும்போது திரையின் அளவையும் விலையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அந்தத் திரையில் தரையும் மீன் கூட்டமும் தெளிவாக விழுமா என்பதைப் படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசரின் இடம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. விலை உயர்ந்த கருவியைத் தவறான இடத்தில் பொருத்திவிட்டு, படகு ஓடத் தொடங்கியதும் திரை முழுவதும் புள்ளிகளாகிவிடுகிறது என்று குறைப்படுபவர்கள் நம் கரையில் பலர். தமிழகக் கடற்கரையில் ஓடும் அவுட்போர்டு இன்ஜினோ, நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் உள்ள நீள்வால் இன்ஜினோ பூட்டிய பைபர் படகுகளை மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன்.

டிரான்ஸ்டியூசர் ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்வதால், 75 மீட்டர் ஆழத்திலுள்ள தரையிலிருந்து எதிரொலி திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். இந்த ஒலிக்குப் பெரும் பகை காற்று. நீருக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லையில் ஒலி ஏறக்குறைய முழுவதும் திருப்பி அடிக்கப்படுவதால், டிரான்ஸ்டியூசரின் முகத்துக்குக் கீழே மெல்லிய நுரைப்படலம் ஓடினாலும் கருவி குருடாகிவிடும். ஆகவே, படகு எந்த வேகத்தில் ஓடினாலும் குமிழி இல்லாத நீர் எங்கே ஓடுகிறது என்பதே இடம் தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அதைக் கண்ணால் பார்த்தே ஓரளவு அறியலாம். கடல் அமைதியாக இருக்கும் காலை நேரத்தில் ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் அமரத்தில், அதாவது படகின் பின்பகுதியில், பாதுகாப்பாக உட்கார்ந்து பின்பலகையின் கீழ் விளிம்பை விட்டு நீர் வெளியேறுவதைக் கவனிக்க வேண்டும். சில இடங்களில் வெண்ணுரை கீற்றுக் கீற்றாக வரும். இடையிடையே நீர் வழவழப்பாக, கருமையாக, ஒரே பட்டையாக வழுக்கிக்கொண்டு வரும். அந்தக் கரும்பட்டைதான் நமக்கு வேண்டிய இடம். நுரைக் கீற்று எங்கிருந்து வருகிறது என்று முன்னோக்கித் தேடினால், படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் வரிமேடோ, பழைய ஒட்டுவேலையின் புடைப்போ, நீர் உறிஞ்சும் துளையோ, ஏராவின் (படகடியின் நடுமுதுகு) முடிவோ நேர் முன்னே இருக்கும். இவற்றின் பின்னால் ஒருபோதும் டிரான்ஸ்டியூசரை வைக்கக் கூடாது. இரண்டு வரிமேடுகளுக்கு நடுவிலுள்ள சமமான பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒற்றை அவுட்போர்டு இன்ஜின் பூட்டிய படகில், பின்னாலிருந்து முன்னோக்கிப் பார்க்கும்போது புரொப்பெல்லர் பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுழலும். அதன் இலைகள் வலப்புறத்தில் கீழ்நோக்கி இறங்குவதால், வலப்பக்கப் பின்பலகையே வழக்கமான தேர்வு. புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இன்ஜினை முழுவதுமாக இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் அது டிரான்ஸ்டியூசரைத் தொடாது என்பதை உறுதி செய்ய வேண்டும். அதற்காக மிகவும் ஓரத்துக்கும் போய்விடக் கூடாது; படகு சாயும்போதும் திரும்பும்போதும் ஓரம் நீரைவிட்டு மேலெழும்பி காற்றை விழுங்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை, பைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் அடித்தட்டின் மட்டத்திலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இருந்தால் போதும். அலுமினியப் படகானால் சுமார் 10 மில்லிமீட்டர். அதற்கும் மேலே வைத்தால் நுரை மூடும். மிகவும் கீழே இறக்கினால் நீரைப் பீய்ச்சி அடித்துத் தானே குமிழியை உண்டாக்கும். படகு வழக்கமான பாரத்துடன் ஓடும் நிலையில் அதன் முகம் நேர்கீழே தரையைப் பார்க்க வேண்டும். வேகத்தில் படம் மங்கினால், முதலில் முன்விளிம்பை இம்மியளவு மேலே தூக்கிப் பார்க்கலாம். அதற்குப் பிறகே உயரத்தை மாற்ற வேண்டும்.

பின்பலகையில் நேரடியாகத் துளையிட்டுச் சோதனை செய்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். உள்ளே மரப்பலகை வைத்து மேலே பைபர் போர்த்திய பின்பலகையில், சரியாக அடைக்கப்படாத ஒரு திருகுத்துளை போதும். நீர் உள்ளே இறங்கி, வெளியே எதுவும் தெரியாமலே மரத்தை உளுத்துப்போகச் செய்யும். ஆகவே முதலில் ஒரு பலகைத் துண்டில் டிரான்ஸ்டியூசரைப் பூட்டி, அதைப் பின்பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, தற்காலிகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இடம் உறுதியானதும் நீரில் கெடாத தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் பின்பலகையில் நிலையாகப் பொருத்திவிட்டு, டிரான்ஸ்டியூசரின் திருகுகளை அந்தப் பலகையில் மட்டும் இறக்கினால், பின்னர் எத்தனை முறை மாற்றினாலும் படகில் புதிய துளை விழாது. எந்தத் துளையாக இருந்தாலும் கடற்பயன்பாட்டுக்கான சீலன்ட் பூசி, துருப்பிடிக்காத எஃகுத் திருகையே பயன்படுத்த வேண்டும்.

இதுவரை சொன்னவை துறைமுகத்தில் கட்டி நிற்கும் படகுக்குப் பொருந்தும். ஆனால் நம் கரையில் ஏராளமான படகுகள் திறந்த மணற்கரையில் ஏறி, டிராக்டரால் இழுக்கப்படுகின்றன. பின்பலகைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அங்கே நெடுநாள் தாங்காது. மணல் டிரான்ஸ்டியூசரின் முகத்தை அரைக்கும், அல்லது அதைத் தாங்கும் பிடிப்பையே முறித்துவிடும். நீள்வால் இன்ஜின் பூட்டிய படகிலோ, தண்டு பக்கத்துக்குப் பக்கம் வீசித் திரும்புவதால் பின்பலகையில் பாதுகாப்பான இடமே கிடைப்பது அரிது. இத்தகைய படகுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படகின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் பக்கவிளிம்பில் குழாய் ஒன்றை நிறுத்தி, தொழில் செய்யும் இடத்தில் இறக்கி, கரையேறும் முன் தூக்கிக்கொள்வது. இதை மெதுவாகச் செல்லும்போது மட்டும் பயன்படுத்தலாம். மற்றொன்று, டிரான்ஸ்டியூசரைப் படகின் உள்ளேயே ஒட்டி, அடித்தட்டின் வழியாக ஒலியை அனுப்புவது.

மணற்கரைப் படகுக்கு உள்ளே ஒட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அது திடமான பைபர் தட்டின் வழியாக மட்டுமே வேலை செய்யும். மிதப்புக்காக ஃபோம் அடைத்த அறைகளின் மேல் ஒட்டினால் எதுவும் தெரியாது. ஃபோம் முழுவதும் காற்றுக் குமிழிகளே. மரம் இடைப்பட்ட பகுதியும் ஆகாது. இடத்தைச் சோதிக்க, நீர் நிரப்பிய மெல்லிய பாலித்தீன் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து, ஈரப்படுத்திய அடித்தட்டில் அழுத்திப் பிடித்துத் திரையைப் பார்க்கலாம். அதே இடத்தில் படகுக்கு வெளியே நீரில் தொங்கவிட்டும் பார்த்து, இரண்டு படங்களையும் ஒப்பிட வேண்டும். உள்ளிருந்து பார்க்கும்போது எதிரொலி சற்று மங்குவது இயல்பு. ஒலி போகும்போதும் வரும்போதும் தட்டைக் கடக்கிறது. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள பாக் விரிகுடாவில் இந்த இழப்பு ஒரு பொருட்டே அல்ல. ஆழக்கடலுக்குச் செல்பவர்கள்தான் இதைக் கருதிப் பார்க்க வேண்டும். நீரின் வெப்பநிலையையும் இம்முறையில் சரியாக அறிய முடியாது.

உள்ளே ஒட்டும்போது சாய்வைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர். ஏராவிலிருந்து இருபுறமும் 20 பாகை சரியும் அடித்தட்டில் அப்படியே ஒட்டினால், 30 மீட்டர் ஆழத்தில் ஒலிக்கற்றையின் நடுப்புள்ளி படகுக்கு நேர்கீழே விழாமல், பக்கவாட்டில் 10 மீட்டருக்கு மேல் விலகி விழும். பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டு) மேல் நிற்பதாக எண்ணி வலையை வேறிடத்தில் விடுவோம். எனவே ஏராவை ஒட்டிய, கூடுமானவரை சமமான பகுதியைத் தேட வேண்டும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப்பசை நீக்கி, மெதுவாக இறுகும் எப்பாக்ஸியைக் குமிழி சேராமல் கலக்கி ஊற்றி, டிரான்ஸ்டியூசரைத் திருகியவாறு அழுத்தினால் அடியிலுள்ள காற்று பக்கவாட்டில் வெளியேறும். முழுவதும் இறுகும் வரை படகை அசைக்கக் கூடாது.

அடித்தட்டில் துளையிட்டு இறக்கும் வகை, மணலில் ஏறும் சிறு படகுக்கு ஏற்றதல்ல.

கேபிளை இன்ஜின் வயர்களோடும் வயர்லெஸ் ஆன்டெனா கம்பியோடும் சேர்த்துக் கட்டக் கூடாது. திரையில் வரும் புள்ளிகளுக்கு அந்த மின்குறுக்கீடும் காரணமாகலாம். நீளம் மிஞ்சினாலும் கேபிளை வெட்ட வேண்டாம். வெட்டி ஒட்டினால் உப்புநீர் புகும், சமிக்ஞையும் கெடும்.

எல்லாம் முடிந்த பிறகு, தெரிந்த ஆழமுள்ள இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, பாகக் கணக்கில் அளந்து, திரையிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு பாகம் ஏறத்தாழ 1.83 மீட்டர். கருவி அளப்பது டிரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்து என்பதால், நீர்மட்டத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கருவியின் அமைப்புப் பகுதியில் (செட்டிங்ஸ்) சேர்த்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும்.