இரவில் நெஞ்செரிச்சலா? தலையணையை விடுங்கள், தலைமாட்டை உயர்த்துங்கள்

படுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு எரிகிறது, புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறுகிறது. உடனே பலரும் செய்வது இன்னொரு தலையணையை இழுத்துப் போட்டுக்கொள்வதுதான். அது ஏன் உதவாது என்று படி 2-இல் சொல்கிறேன்.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலேறும். விழித்து நிமிர்ந்திருக்கையில் ஏறிய அமிலம் தானாகக் கீழே இறங்கும். எச்சில் விழுங்க விழுங்க மிச்சமும் கழுவப்பட்டுவிடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு, விழுங்குவதும் குறைவு. ஏறியது அங்கேயே தங்கிப் புண்ணாக்கலாம்.

படி 1: சாப்பாட்டு நேரம்
சாப்பிட்டு முடித்து 3 மணி நேரமாவது கழித்துப் படுங்கள். இரைப்பை நிறைந்திருக்கும்போது எப்படிப் படுத்தாலும் பலன் குறைவுதான். இடுப்பை இறுக்கும் உடையையும் மாற்றிவிடுங்கள்.

படி 2: தலைமாடு
தலையணைகளை அடுக்கினால் தலையும் கழுத்தும் மட்டும் தூக்கி நிற்கும். உடம்பு நடுவில் மடங்கி வயிறு அழுந்தும். எரிச்சல் கூடினாலும் கூடும், கழுத்து வலியும் வரலாம். உயர வேண்டியது நெஞ்சுப் பகுதி முழுவதும்.

அதற்குக் கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டைகளை வையுங்கள். கால் வழுக்காமல் உட்கார நடுவில் குழி வெட்டிய கட்டையாக இருந்தால் நல்லது. வைத்ததும் கட்டிலைப் பிடித்து ஒருமுறை நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அதில் படுக்காதீர்கள். கட்டிலில் கை வைக்க முடியாது என்றால் சரிவாக வெட்டிய ஆப்பு வடிவத் தலையணை போதும். அதன் மெல்லிய முனை இடுப்பருகே தொடங்க வேண்டும், தோளருகே அல்ல.

முதல் சில இரவுகளில் கீழே சறுக்குவது போல் இருக்கும். பெரும்பாலும் பழகிவிடும்.

படி 3: இடப்பக்கம் ஒருக்களித்து
இரைப்பையின் பெரிய பை வயிற்றின் இடப்புறம் இருக்கிறது. இடப்பக்கம் படுத்தால் அமிலம் அந்தப் பையில் தேங்கும், உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே நிற்கும். வலப்பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழ். மல்லாந்து படுப்பதும் அவ்வளவு நல்லதில்லை.

கீழே இருக்கும் தோளைச் சற்று முன்னால் இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கை மரத்துப்போகும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு வலிக்காது. முதுகுக்குப் பின்னால் இன்னொன்றை அண்டக் கொடுங்கள், தூக்கத்தில் புரள்வது குறையும். (மிச்சமான தலையணைகளுக்கு இதோ வேலை!) அப்படியும் புரண்டு கிடந்தால் கவலை வேண்டாம், விழிப்பு வரும்போது திரும்பிக்கொண்டால் போதும்.

எப்போது மருத்துவர்?
இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் குறையவில்லை என்றால் போய்ப் பாருங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். ரத்த வாந்தியோ தார் போலக் கறுத்த மலமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்து மூச்சு வாங்கினாலும் அப்படியே. அது இதயக் கோளாறாக இருக்கலாம்.