கோழி கிறுக்கிய கையெழுத்தைக் குடும்பத்தார் படிக்கும்படி ஆக்குவது எப்படி

என் தம்பி பெயர் சரவணன். சில வருடங்களுக்கு முன் அவனுக்காக ஒரு விண்ணப்பத்தை நான்தான் அவசரமாக நிரப்பிக் கொடுத்தேன். அட்டை கைக்கு வந்தபோது அதில் "சாவணன்" என்று இருந்தது. தட்டச்சு செய்தவரைத் திட்டிக்கொண்டே ஜெராக்ஸ் நகலை எடுத்துப் பார்த்தால், சத்தியமாக அது சாவணன்தான். நான் போட்ட ர-வுக்கு அடியில் இருக்க வேண்டிய சின்ன சாய்வுக்கோடு இல்லை. கோடு போனால் ர வெறும் துணைக்கால்.

அன்றிலிருந்து என் கையெழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தேன். செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முத்து முத்தாக எழுத வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று சொல்லித் தப்பித்தவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவன். அடுத்தவர் தடுக்காமல் படிக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நேற்று காலையிலிருந்து நடந்ததை உங்கள் வழக்கமான வேகத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். திருக்குறளையோ புத்தகப் பத்தியையோ பார்த்து எழுதாதீர்கள், பார்த்து எழுதும்போது கை நல்ல பிள்ளையாக நடித்துவிடும். பேனா எழுதுகிறதா என்று பார்க்க மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டுக்கொள்ளலாம். எழுதிய தாளை வீட்டில் யாரிடமாவது கொடுத்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களே படித்தால் பயனில்லை, என்ன எழுதினோம் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் எங்கெல்லாம் நின்று யோசிக்கிறாரோ, எங்கெல்லாம் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போகிறாரோ அந்த எழுத்தை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். என் மனைவி படித்தபோது ஒரு பக்கத்தில் 14 வட்டம் விழுந்தது, அதில் ஒன்பது ஒரே எழுத்து. ஆக, கையெழுத்தே மோசம் என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் நாலைந்து எழுத்து செய்த வேலை.

இனி, பெரும்பாலும் தகராறு செய்யும் எழுத்துகள்.

ர-வும் துணைக்காலும். இதில் என் சந்தேகம் என்னவென்றால், ர், ரி, ரீ மூன்றும் பல அச்சு எழுத்துகளிலேயே அடிச்சாய்வு இல்லாமல்தான் வரும், அங்கே புள்ளியோ கொக்கியோ இருப்பதால் குழப்பமில்லை. கை அதைப் பழகிக்கொண்டு தனி ர-வுக்கும் சாய்வை விட்டுவிடுகிறது. மரம் மாமாகிப் போகிறது, கரம் காமாகிறது (இதைக் காதல் கடிதத்தில் நினைத்துப் பாருங்கள்). சாய்வுக்கோட்டைத் தேவைக்கு மேல் நீளமாகவே இழுத்துப் பழகுங்கள், வேகம் கூடும்போது அது தானாகச் சுருங்கிச் சரியான அளவுக்கு வரும்.

ந-வும் த-வும். நாய், தாய் என்று எழுதிப் பாருங்கள். த தொடங்குவது க போலச் சுழித்து, ந தொடங்குவது நேராக இறங்கும் கோட்டில். வேகத்தில் அந்த நேர்கோடு வளைந்தால் இரண்டும் ஒன்றுதான். ந எழுதும்போது மூலை திரும்பும் இடத்தில் ஒரு கணம் பேனாவை நிறுத்துங்கள், போதும்.

இரண்டு சுழி ன, மூன்று சுழி ண. ஒன்றாம் வகுப்பில் இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே படித்தோம், இப்போது அவசரத்தில் ஒரு சுழியை முழுங்கிவிடுகிறோம். மணம் மனமாகிறது. சுழியைப் பெரிதாகப் போட முயன்றால் எழுத்து ஊதிப்போய் வரியே கோணலாகும், சிறிதாகப் போட்டு எண்ணிக்கையைச் சரியாக வையுங்கள்.

ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு. தொடு, தோடு. பெய், பேய். இரட்டைக்கொம்பின் மேல்சுழியை வரிக்கு மேலே தைரியமாகத் தூக்குங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே சுருட்டினால் ஒற்றைக்கொம்பு போலத்தான் தெரியும்.

அப்புறம் புள்ளி. நம்மில் பாதிப்பேர் சொல்லை முழுதாக எழுதிவிட்டுக் கடைசியில் போய்ப் புள்ளி வைக்கிறோம், அது ஒரு எழுத்து தள்ளி விழுகிறது அல்லது விழுவதே இல்லை. கல்வி என்ற சொல்லில் புள்ளி விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் அதைப் பார்த்து நெளிந்தவர்களுக்குத் தெரியும். மெய்யெழுத்தை முடித்ததும் அங்கேயே புள்ளியை வைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போங்கள். முதல் ஒரு வாரம் வேகம் குறைந்து எரிச்சலாக இருக்கும். ஓலையில் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மளிகைச் சீட்டைப் படிக்கும் கடைக்காரருக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

எந்த வட்டத்தைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்பதும் முக்கியம். என் அப்பா இன்றைக்கும் லை, னை, ணை எழுதும்போது யானைத் துதிக்கை மாதிரி முன்னால் ஒரு வளைவு போட்டுத்தான் எழுதுவார். அவர் பள்ளியில் படித்தது அப்படி. பெரியார் 1935-லேயே குடிஅரசு இதழில் மாற்றி எழுதத் தொடங்கியிருந்தாலும், அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அதற்கு முன் எழுதப் பழகியவர்களின் கை அந்தத் துதிக்கையை எளிதில் விடாது. என் மகளுக்குத் தாத்தாவின் கடிதத்தில் அந்த எழுத்து முதல்முறை புரியவில்லை, ஒருதரம் காட்டிக்கொடுத்ததும் இப்போது சரளமாகப் படிக்கிறாள். இதையெல்லாம் திருத்தப் போகாதீர்கள். அதே மாதிரி உங்கள் ழ-வின் வால் கொஞ்சம் நீளமாகப் போகிறதா, போகட்டும். உங்கள் எழுத்து என்று பார்த்தவுடன் தெரிவது அந்த வாலால்தான்.

ஆங்கிலத்தில் நாலுகோடு நோட்டில் கர்சிவ் படித்து வந்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதில் பேனாவைத் தூக்காமல் வலப்பக்கம் சாய்த்து ஓட்டிப் பழகியிருப்பார்கள், அந்தப் பழக்கம் தமிழுக்கும் வந்து எழுத்தெல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்குவதுபோல இருக்கும். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்க வேண்டியது, எழுத்துக்கு எழுத்து பேனாவைத் தூக்கினால் தப்பில்லை. மேலே கொக்கி, கீழே வால், முன்னால் கொம்பு என்று நாலு பக்கமும் கைகால் நீட்டும் எழுத்துகள் இவை, இடம் கொடுக்காவிட்டால் முட்டிக்கொள்ளும். இதற்கு நல்ல மருந்து, கடையில் போய்க் கூச்சப்படாமல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கான இரட்டைக்கோடு நோட்டு ஒன்று வாங்குவது. ட, ப, ம எல்லாம் இரண்டு கோட்டுக்குள் அடங்க வேண்டும். கி-யின் கொக்கி மேலே போகும், மு-வின் சுழியும் ழ-வின் வாலும் கீழே இறங்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு ட நுழையும் அளவு இடம். ஒரு மாதம் அதில் எழுதிவிட்டுச் சாதாரண ஒற்றைக்கோடு நோட்டுக்கு வாருங்கள், வரி தானாக நேராகப் போகும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் வட்டம் விழுந்த எழுத்து வரும் சொற்களை மட்டும் மெதுவாக எழுதுங்கள், எனக்கு அது சரவணன், மரம், வரவு, நரகம். மீதி நேரம் டைரி மாதிரி எதையாவது வழக்கமான வேகத்தில். ஒரே வரியை நூறு தடவை எழுதும் இம்போசிஷன் வேலை வேண்டாம். இருபதாவது வரியில் கை மட்டும் ஓடும், கவனம் எங்கேயோ போயிருக்கும், தப்பான வடிவமே இன்னும் ஆழமாகப் பதியும். பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன்.

பேனா விஷயத்தில் ஜெல் பேனா கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும், சுழிகள் கட்டுப்படாது. பழகும்வரை மைப்பேனாவோ அழுத்தாமல் எழுதக்கூடிய பால்பாயிண்டோ நல்லது. விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று நடுநடுவே பாருங்கள். குரூப் 1 முதன்மைத் தேர்வு மாதிரி மணிக்கணக்கில் எழுத வேண்டிய தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இதை இப்போதே சரிசெய்யாவிட்டால் கடைசி அரை மணி நேரத்தில் மணிக்கட்டு சொன்ன பேச்சு கேட்காது. இடது கைக்காரர்கள் தாளை வலப்பக்கமாகச் சரித்து வைத்துக்கொண்டால் எழுதியதன் மேலேயே கை ஊர்ந்து மை ஈஷுவது குறையும். என்னோடு படித்த ஒருவனை அடிஸ்கேலால் மொளியில் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அவன் எழுத்து நடுங்குகிறது, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை மட்டும் இடது கையால்தான் அடிக்கிறான்.

முப்பது நாள் கழித்து மறுபடியும் ஒரு வெள்ளைத்தாள், மறுபடியும் நேற்று நடந்தது, அதே ஆள், அதே சிவப்பு மை. எனக்கு 14 வட்டம் மூன்றாகக் குறைந்தது. அந்த மூன்றும் ண.

ஒன்றே ஒன்று. கையெழுத்தைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கையொப்பத்தையும் அழகாக்கிவிடாதீர்கள். நான் செய்தேன். வங்கியில் மாதிரிக் கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று காசோலை திரும்பி வந்து, பழைய கிறுக்கலை எப்படிப் போட்டேன் என்று நினைவுபடுத்திக்கொள்ள ஒரு தாள் முழுக்கப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது.