பால் கொடுக்கும் பெண்ணுக்கு இரும்புக் கல்லில் பணியாரம்

காரைக்குடியில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த எங்கள் உறவுப் பெண், "ஆச்சி, தாய்ப்பாலில் கெமிக்கல் இருக்காமே, நிறுத்திடவா?" என்று கலங்கிப்போய்க் கேட்டாள். நிறுத்தவே கூடாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் நன்மை மிகப் பெரியது.

அவள் சொன்னது பிஃபாஸ் (PFAS) வகை ரசாயனங்களை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத பூச்சுகளுக்காக வந்தவை. எளிதில் சிதையாது, சில வகைகள் ரத்தத்தில் வருடக்கணக்கில் தங்கும், கொஞ்சம் பாலிலும் இறங்கும். இந்த வகையில் ஒன்றான, பழைய நான்ஸ்டிக் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ.வை (PFOA) 2019-இல், எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சேர்ந்ததை உடனே வெளியேற்ற வழியில்லை, புதிதாகச் சேர்வதைக் குறைக்கலாம். கீறல் விழுந்த நான்ஸ்டிக் சட்டியை ஒதுக்குங்கள். பரணில் கிடக்கும் இரும்புப் பணியாரக் கல்லை இறக்கி, துருவைத் தேய்த்து, வடித்த கஞ்சியில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அப்புறம் நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, குழிகளில் சின்ன வெங்காயத்தை வதக்கி எடுத்தால் மாவு ஒட்டாது. பூண்டுக் குழம்புக்கு மண்சட்டி இருக்கவே இருக்கிறது.

பழைய எனாமல் பாத்திரம் அழகுதான், ஆனால் பூச்சு உதிர்ந்திருந்தால் ஈயம் இருக்கலாம். அலமாரியோடு நிற்கட்டும்.

குடிதண்ணீரில் பிஃபாஸ் இருந்தால், கொதிக்கவைப்பதால் அது போகாது. ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு குறைக்கும், ஃபில்டரை மட்டும் காலத்தில் மாற்றிவிடுங்கள்.