வாளையாற்றின் இருபுறமும் கண்ணாடி துடைக்கும் சிறு தொழிலோர் சங்கம் தொடங்குவது எப்படி

கோவையில் அவிநாசி சாலையிலும் சரவணம்பட்டியிலும் கண்ணாடி முகப்புக் கட்டடங்கள் பெருகியதை ஒட்டி, ஒரு வேன், இரண்டு ஏணி, நான்கு ஆட்கள் என்ற அளவில் கண்ணாடி துடைக்கும் தொழிலை நடத்துகிறவர்கள் பலர் உருவாகியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கேரள எல்லையான வாளையாற்றோடு நின்றுவிடுவதில்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் பாலக்காட்டு நகைக்கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிறார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள் அதே வேலைக்குக் கோவைக்கு வருகிறார்கள். இவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது பெரும்பாலும் விலைப்புள்ளி கொடுக்கும் இடத்தில்தான். ஒருவருடைய ஆள் விழுந்தால் மற்றவருக்குத் தெரிவதில்லை. ஒருவருக்குப் பணம் தராத நிறுவனம் அடுத்த மாதம் இன்னொருவரை அழைக்கிறது. இந்த நிலையை மாற்ற ஒரு சங்கம் வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். கடிதத்தாள், பலகை, திறப்பு விழா ஆகியவற்றில் ஆரம்பிக்கும் சங்கங்கள் இரண்டாம் ஆண்டில் சந்தா வசூலிக்க முடியாமல் தளர்ந்துவிடுகின்றன. தனியொருவரால் செய்ய முடியாத இரண்டு காரியங்களை, அதாவது விபத்துக் காப்பையும் நிலுவைப் பண வசூலையும், முதல் ஆண்டிலேயே செய்து காட்டும் சங்கத்துக்கு உறுப்பினரைத் தேடி அலைய வேண்டியிருக்காது. ஆகவே முதல் கூட்டத்தில் தலைவர் யார் என்று பேசுவதற்கு முன், சென்ற ஓராண்டில் யாருக்கு என்ன விபத்து நேர்ந்தது, யாருக்கு எவ்வளவு தொகை எத்தனை நாளாக வர வேண்டியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்டு, பதில்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சங்கத்தின் வேலைத் திட்டம் அந்த நோட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

உறுப்பினர் தகுதியை விதிமுறையிலேயே வரையறுத்து விடுவது நல்லது. தாமே வேலைத் தளத்தில் நிற்கும், இருபது பேருக்குள் ஆள் வைத்திருக்கும் தொழில் முனைவோர் என்று வரையறுக்கலாம். ஹவுஸ் கீப்பிங் ஒப்பந்தங்களை மொத்தமாக எடுத்துத் துணை ஒப்பந்தத்துக்கு விடும் பெரிய நிறுவனங்களைச் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம்மிடம் வேலை வாங்கிவிட்டுப் பணத்தைத் தாமதப்படுத்துவோர் பெரும்பாலும் அவர்களாகவே இருக்கும்போது, அவர்களும் அதே மேசையில் அமர்ந்தால் அந்தப் பேச்சே எழாது.

பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, சங்க அமைப்புக் குறிப்பும் துணை விதிகளும் தயாரித்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது. கேரளப் பக்கத்தில் பதிவு செய்ய விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி பழைய மலபாரைச் சேர்ந்தது என்பதால் அங்கே 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் செல்லுகிறது. சித்தூர் வட்டத்தின் பெரும்பகுதியோ கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, எனவே அங்கே 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம் பொருந்தும். அலுவலக முகவரி கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறதா, கஞ்சிக்கோட்டில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து விண்ணப்பமே மாறும். இரு மாநிலத்திலும் தனித்தனிச் சங்கம் வைத்துக் கணக்கு எழுதும் சுமையை ஏற்காமல், உறுப்பினர் அதிகமுள்ள பக்கத்தில் ஒரே பதிவு செய்து, செயற்படும் எல்லையில் மறுபக்கத்தையும் குறிப்பிட முடியுமா என்று பதிவாளரிடம் முன்பே கேட்டுக் கொள்ளுங்கள்.

பதிவுச் சான்று வரும்வரை காத்திராமல் காப்பீட்டைத் தொடங்கிவிட வேண்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள, வங்கிக் கணக்குள்ள எவரும் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இது போதாது என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வோர் ஆளும் இதில் சேர்ந்திருக்கிறாரா என்று சரிபார்ப்பது சங்கத்தின் முதல் வாரத்து வேலை. அடுத்து, உறுப்பினர்களின் ஆட்கள் அனைவருக்கும் சேர்த்துக் குழு விபத்துக் காப்பீடும், பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடும், மேலிருந்து விழும் வாளியால் கீழே நிற்கும் கார் அல்லது வழிப்போக்கர் பாதிக்கப்பட்டால் ஈடு செய்யும் பொறுப்புக் காப்பீடும் எடுக்க வேண்டும். நான்கு ஆட்களோடு தனியாகப் போனால் முகவர் காது கொடுத்துக் கேட்கமாட்டார். நூறு பெயர் கொண்ட பட்டியலோடு போகும்போது பேரம் பேச இடமிருக்கும். காப்பீடு வாங்கும்போது, எத்தனை மீட்டர் உயரம் வரை, கயிற்றில் தொங்கி வேலை செய்வது உட்பட்டதா என்ற வரிகளைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். உயர வேலையை விலக்கி வைத்த காப்பீடு நமக்குப் பயன்படாது.

காப்பீட்டைவிட முக்கியமானது ஆள் விழாமல் இருப்பது. இத்தொழிலின் சங்கங்கள் வேறு நாடுகளில் மதிப்புப் பெற்றதும் பாதுகாப்பு விதிகளை வகுத்ததால்தான். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு ஜன்னல் துடைப்போர் சங்கம் முன்னின்று உருவாக்கிய ஐ-14.1 என்ற பாதுகாப்புத் தரம் 2001இல் வெளிவந்தது. பிரிட்டனில் தோன்றிய இராட்டா என்ற கயிற்றுப்பணி அமைப்பு, வேலைக் கயிறு ஒன்று, காப்புக் கயிறு ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிப் பிடிமானம் என்பதை அடிப்படை முறையாக வைத்திருக்கிறது. நம் பகுதியில் ஒரே கயிற்றை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் கட்டி இறங்குவதை நானே கண்டிருக்கிறேன். உறுப்பினராக இருக்க வேண்டுமானால் இரட்டைக் கயிறு கட்டாயம் என்று விதியில் எழுதுங்கள். மீறினால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை நீக்கம் என்றும் எழுதுங்கள். இந்த ஒரு விதியில் யாருக்கும் சலுகை காட்டக் கூடாது.

இத்துடன் ஒவ்வோர் உறுப்பினரும் கயிற்று நோட்டு ஒன்று வைத்திருக்க வேண்டும்: கயிறு வாங்கிய நாள், பயன்படுத்திய கட்டடங்கள், பார்வையிட்ட நாள், ஒதுக்கிய நாள். வெயிலில் கிடக்கும் நைலான் கயிறு வலுவிழக்கும். உப்புக்கறை எடுக்கப் பயன்படுத்தும் அமிலம் பட்டாலும் வலுவிழக்கும், அதுவும் வெளியே தெரியாமல். ஆகவே அமிலம் கலந்த வேலைக்குக் கயிற்றில் இறங்காமல் சாரம் கட்டியோ, ஜூலா என்னும் தொங்கு மேடையிலோ செய்வதே சரி. முழு உடல் பெல்ட் ஐ.எஸ். 3521 முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். ஒருவர் மயங்கித் தொங்கினால் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும் என்பதால், இறக்கத் தெரிந்த இன்னொருவர் இல்லாமல் எவரையும் கயிற்றில் அனுப்பக் கூடாது. ஏணி வேலையில் நான்கடி உயரத்துக்கு ஓரடி வெளியே கால் வைப்பதும், மின்கம்பி அருகில் அலுமினிய ஏணியையும் நீளக் கம்பையும் எடுக்காமலிருப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இருந்தும் அவசரத்தில் மறக்கப்படுகின்றன. பாலக்காட்டுக் கணவாயின் காற்றையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையிடுக்கு வழியாகப் பாய்ந்து வரும் அந்தக் காற்றில், கீழே தென்றலாகத் தெரிவது எட்டாவது மாடியில் ஆளைச் சுவரில் மோதச் செய்யும். காற்றுக்காக வேலையை நிறுத்திய நாளுக்கு அபராதம் இல்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் மேற்பார்வையாளர் துணிந்து நிறுத்துவார். அந்த வரியைச் சேர்த்த பொது ஒப்பந்தப் படிவத்தைச் சங்கம் அச்சிட்டுத் தர வேண்டும்.

அதே படிவத்தில் கீறல் பற்றிய வரியும் வேண்டும். புதுக் கட்டடக் கண்ணாடியில் ஒட்டிய சிமெண்டையும் பெயிண்டையும் பிளேடால் சுரண்டும்போது கீறல் விழுந்தால், பழி முழுவதும் துடைத்தவர் மேல் வருகிறது. வேலைக்கு முன் ஒரு மூலையில் சோதித்துக் காட்டி, ஏற்கனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து, கட்டடக்காரரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கமாக வேண்டும்.

இனி பணம். சிறு தொழிலுக்கு இதில் சட்டம் துணை நிற்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2020 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள உத்யம் என்ற அரசுப் பதிவு இலவசம். ஆதார் எண் கொண்டு நாமே செய்து கொள்ளலாம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வேலை கொடுத்தவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வேலை வாங்கியவருக்கு வருமான வரியிலும் நெருக்கடி உண்டு: காலம் கடந்த தொகையை, கட்டிய ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். நிலுவையை இதற்கான அரசு இணையவாசலில் பதிந்தால், இத்தகைய நிலுவைகளைத் தீர்க்க அமைந்த வசதியளிப்பு மன்றம் விசாரிக்கும். எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இதில் பெரிய அனுகூலம் உண்டு. வேலை கொடுத்தவர் கேரளத்தில் இருந்தாலும், வேலை செய்தவர் இருக்கும் மாநிலத்து மன்றத்திலேயே வழக்கைத் தொடரலாம். மன்றத் தீர்ப்பை எதிர்த்துப் போக வேலை கொடுத்தவர் விரும்பினால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இதெல்லாம் பலிக்க இரண்டு காகிதங்கள் வேண்டும். வேலை தொடங்குமுன் தேதியிட்ட உத்யம் சான்று ஒன்று. வேலை முடிந்த நாளில் கட்டட மேலாளர் தேதியோடு கையெழுத்திட்ட சீட்டு மற்றொன்று. நானும் ஒரு முறை அந்தச் சீட்டை வாங்காமல் வந்து, வேலை முடிந்த நாளை நிரூபிக்க முடியாமல் பல மாதம் அலைந்திருக்கிறேன். சங்கம் இரட்டைப் பிரதிச் சீட்டுப் புத்தகத்தை அச்சிட்டுக் கொடுப்பதும், நாற்பத்தாறாம் நாள் சங்கத்தின் பெயரில் நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதும் உறுப்பினருக்குச் செய்யும் பேருதவி. ஜி.எஸ்.டி. பற்றிய அச்சத்தையும் போக்கலாம்: ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்கு, எல்லை தாண்டி வேலை செய்தாலும், அதற்காக மட்டும் பதிவு கட்டாயமில்லை.

கூட்டத்தில் யாராவது ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று எல்லோரும் ஒரே விலை வைப்போம் என்பார். நல்லெண்ணத்தில் சொன்னாலும் அதை ஏற்கக் கூடாது. தீர்மானப் புத்தகத்திலும் எழுதக் கூடாது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தொழில் நடத்துவோர் சங்கங்கள் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. மருந்து வணிகர் சங்கங்கள் மீது இதற்காக நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாகச் செலவுக் கணக்கு போடக் கற்றுக் கொடுங்கள். கூலி, பெட்ரோல், காப்பீட்டுப் பங்கு, கயிற்றின் தேய்மானம், மழையால் போன நாட்கள் ஆகிய அனைத்தையும் எழுதிப் பார்ப்பவர் நட்டத்துக்கு விலை கொடுக்கமாட்டார்.

பொதுக் கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது தூய நீர் இயந்திரம். நம் பகுதியின் பல இடங்களில் போர் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம். அதில் கழுவிய கண்ணாடி காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன, ஓராண்டு விட்டால் கண்ணாடியிலேயே ஊறிவிடுகின்றன. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். அளவி சுழியத்தை ஒட்டிக் காட்டும் நீரால் கடைசிக் கழுவு கழுவினால் வைப்பர் போடாமலே புள்ளியின்றிக் காயும். தனியொருவர் வாங்கத் தயங்கும் இயந்திரத்தைச் சங்கம் வாங்கி நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். வடநாட்டுத் தொழிலாளர் பலர் இவ்வேலைக்கு வந்திருப்பதால், பயிற்சியையும் எச்சரிக்கைப் பலகைகளையும் தமிழ், மலையாளத்துடன் இந்தியிலும் வைக்க வேண்டும்.

வேலைப் பகிர்வுக்கு இயற்கையே வழி வகுத்திருக்கிறது. பாலக்காட்டில் தென்மேற்குப் பருவமழை வலுத்து வேலை நிற்கும் மாதங்களில் கோவையில் மழை குறைவு, தரைத்தள வேலையும் உட்புற வேலையும் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கோவைப் பக்கம் மழை. ஓணத்துக்கு முன் அங்கே கடைகளைத் துலக்குவார்கள், தீபாவளிக்கு முன் இங்கே. யாரிடம் எந்த வாரம் எத்தனை ஆள் சும்மா இருக்கிறார்கள் என்ற பட்டியலைச் செயலாளர் வாரந்தோறும் தொகுத்தால் ஆட்களை இருபுறமும் மாற்றிக் கொள்ளலாம். கேரளத்தில் சாரக் கம்பிகளை இறக்கும் இடத்தில் சுமைத் தொழிலாளரோடு முன்பே பேசிக் கொள்வது சிக்கலைத் தவிர்க்கும். பார்த்து நிற்பதற்குக் கேட்கப்பட்ட நோக்குக்கூலி 2018 மே 1 முதல் அங்கே ஒழிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் உறுப்பினர் அறிந்திருக்க வேண்டும்.

ஆண்டுப் பொதுக்குழுவை மே மாத நடுவில் வையுங்கள். மார்ச் கணக்கு அதற்குள் முடிந்திருக்கும். சுரக்ஷா பீமா காப்பு மே 31இல் முடிந்து ஜூன் 1இல் புதுப்பிக்கப்படுவதால், ஒவ்வோர் ஆளின் வங்கிக் கணக்கிலும் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று அன்றே கேட்டுக் கொள்ளலாம். கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாளும் ஜூன் 1தான். எனவே கூட்டத்துக்கு வருபவர்கள் தங்கள் கயிறுகளையும் கயிற்று நோட்டையும் கொண்டு வரட்டும், ஒதுக்க வேண்டிய கயிறுகளை எல்லோர் முன்னிலையிலும் அங்கேயே துண்டு துண்டாக வெட்டிப் போடட்டும்.