மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்: நெடுந்தூர ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். புத்தாண்டு பிறந்ததும் புது முகங்கள் நிறைய வரும். ஆடி மாதத்துக்குள் அவர்களில் பலரைக் காணோம். வழியில் பார்த்துக் கேட்டால் முழங்கால், குதிகால், ஆடுசதை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். சோம்பலால் நின்றவர்கள் மிகவும் குறைவு. ஆர்வம் மிஞ்சி, அடிபட்டு நின்றவர்களே அதிகம். ஓட்டத்தை இவ்வளவு நேசித்து வந்தவர்கள் அதை விட்டுப் போவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அது நடந்தது. முதல் மாரத்தானுக்குத் தயாரான ஆண்டில், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் ஐந்தே வாரங்களில் 60 கிலோமீட்டருக்குத் தாவினேன். மூச்சு வாங்கவே இல்லை. கால்கள் தாமாகவே போவதுபோல் இருந்தது. ஆறாவது வாரத்தில் இடது முன்னங்கால் எலும்பில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் வலிக்கத் தொடங்கியது. அங்கே கட்டைவிரலால் அழுத்தினால் உயிர் போகும். இரண்டு விரற்கடை தள்ளி அழுத்தினால் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்றதும் மேலும் பத்து நாள் ஓடினேன். எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் எலும்பில் மயிரிழை விரிசல் இருப்பது தெரிந்தது. இத்தகைய விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் படாது என்பது அன்று எனக்குத் தெரியாது. எட்டு வாரம் ஓட்டம் இல்லை. போட்டியும் போயிற்று.

உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக இரத்தத்தைத் தள்ளுகிறது, மூச்சு சீராகிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பின் கதை இன்னும் விசித்திரமானது. புதுச் சுமை வந்ததும் அது முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது, அதன் பிறகுதான் புதிய எலும்பைக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்துப் போட்டிருக்கும் நேரம்போல, இந்த இடைக்காலத்தில் எலும்பு முன்பிருந்ததைவிடவும் பலவீனமாக இருக்கிறது. நமக்கோ அதே வாரங்களில்தான் மூச்சு திறந்து, இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகலாமே என்று தோன்றும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் படும் அடிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறப்பவை என்றே நினைக்கிறேன். கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பலவும் இதன் கிளைகள்தாம்.

தூரத்தைக் கூட்டுவதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறேன். தசை வலி பரவலாக இருக்கும். உடம்பு சூடேறியதும் தணியும். அதோடு ஓடலாம். ஒரே புள்ளியில் குத்தி, ஓட ஓடக் கூடி, இரவில் படுக்கையிலும் விண்விண் என்று தெறிக்கும் வலியோடு ஒரு நாள்கூட ஓடக் கூடாது.

அடுத்தது தினசரி வேகம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வண்டிகளுக்குத் தடை இருப்பதால், விடியலில் அங்கே ஓட்டக்காரர்கள் கூட்டமாகச் சேர்வார்கள். காந்தி சிலைப் பக்கம் பேசிச் சிரித்தபடி மெதுவாகத்தான் தொடங்குவார்கள். பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் யாராவது ஒருவர் முந்துவார், அவரை இன்னொருவர் முந்துவார். பத்து நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும். புஸ் புஸ் என்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பேச்சு நின்ற அந்த இடத்தில்தான் தவறு தொடங்குகிறது. சாதாரண நாள் ஓட்டத்தில், பக்கத்தில் வருகிறவரிடம் நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அது மெதுவான ஓட்டம் அல்ல.

நார்வேயில் பணிபுரியும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், உலகத் தரம் வாய்ந்த நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தார். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் மிக மெதுவானவை என்று கண்டார். நம்மில் பெரும்பாலோர் எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓடுகிறோம். மெதுவான நாளில் உடம்பு தேறுவதில்லை. களைப்போடு வருவதால் வேகமான நாளில் உண்மையான வேகமும் வருவதில்லை. வாரத்தில் ஒரு நாள் வேகம், ஒரு நாள் நீண்ட ஓட்டம், மற்ற நாள்கள் குழம்புக் கதை பேசும் வேகம். அலுவலகத்துக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொள்கிற ஒருவருக்கு இதுவே போதும்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது நம் கடலோரக் காற்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் ஓடுகிறவர்களுக்காகப் போட்டவை. விடியலில் நமக்கு வெப்பம் குறைவுதான். ஆனால் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அதே நேரத்தில்தான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை குளிர்விக்காது. நான்கு கிலோமீட்டரில் என் பனியன் பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்துவிடும். காய்ந்த பிறகு முதுகில் உப்பு கோலம் போட்டிருக்கும். ஆகவே கத்திரி வெயில் காலத்தில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள். மார்கழியில் ஓடியதைவிடக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம் கூடினாலும் உழைப்பு ஒன்றுதான். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். குளிரூட்டிய அறையிலேயே கிடந்துவிட்டு ஒரு ஞாயிறு மட்டும் 20 கிலோமீட்டர் ஓடுவது ஆபத்து. கூட ஓடுகிறவர் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்காக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் தலையிலிருந்து கால்வரை ஊற்றுங்கள், ஐஸ் கிடைத்தால் உடம்பெல்லாம் வையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குடிக்காமல் ஓடுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு போட்டியில் தாகமே இல்லாமல், தண்ணீர் வைத்திருந்த ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கோப்பை குடித்துக்கொண்டே போனேன். 34-ஆவது கிலோமீட்டரில் விரல் மோதிரம் இறுகியது. கைக்கடிகாரப் பட்டை மணிக்கட்டில் பதிந்திருந்தது. குமட்டல், தலைவலி. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடித்தேன். முதலுதவிக் கூடாரத்தில் இருந்த மருத்துவர் என் விரல்களைப் பார்த்தவுடனே, “இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள்” என்றார். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும் நிலை அது. முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததே அதோடு மிக நெருங்கிய தொடர்புடைய காரணம் என்று கண்டார்கள்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈரத் துணியைக் களைந்து எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று கணக்கு. தாகத்துக்குக் குடியுங்கள், ஓட்ட முடிவில் எடை கொஞ்சம் குறைந்திருக்கலாம், கூடியிருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது உப்பும் வேண்டும். இளநீர் போதும் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். உப்புப் போட்ட மோரோ, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறோ இன்னும் பொருத்தம். ஓ.ஆர்.எஸ். என்றால், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுவதையும் கொட்டிவிட்டு வயிறு புரட்டுகிறது என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தவறு, மழையைக் கணக்கில் சேர்க்காதது. ஆரோவில் மாரத்தான் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கிறது. முந்திரித் தோப்பும் செம்மண் பாதையுமாக, பரிசுக்காக அல்லாமல் ஓடும் மகிழ்ச்சிக்காகவே நடப்பது. அதற்குத் தயாராகும் முக்கிய மாதங்களில் நவம்பரும் டிசம்பரும் உண்டு. அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, தென்பெண்ணை பெருகி ஊர்களில் புகுந்தது. அப்படிப்பட்ட நாள்களில் இரண்டு வாரம் ஓட முடியாமல் போவது இயல்பு. விட்ட தூரத்தையெல்லாம் அடுத்த இரண்டு வாரத்தில் வட்டியும் முதலுமாக ஓடித் தீர்ப்பதுதான் தவறு. இரண்டு வார ஓய்வில் பெரிதாக எதுவும் போய்விடாது. பாதித் தூரத்தில் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். நான் இப்போது அட்டவணை போடும்போதே கார்த்திகையில் இரண்டு வாரத்தை வெறுமையாக விட்டுவிடுகிறேன். தேங்கிய வெள்ளத்தில் இறங்கி ஓடுவதை வீரமாக நினைக்க வேண்டாம். காலில் சிறு கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் தொற்றப் போதும்.

சாலையில் ஓடுகிறவர்கள் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியின் முகம் பார்த்து ஓடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் பின்னாலிருந்து வரும் பஸ்ஸை உங்களால் பார்க்க முடியாது. ஒளி பட்டால் மின்னும் மேலாடையின் விலை ஒரு ஷூவின் விலையில் சிறு பங்குதான். ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். அடிப்பாகம் தேயாதிருந்தாலும் உள்ளே உள்ள பஞ்சு செத்துவிடும். போட்டிக்குப் புது ஷூவோடு போகக் கூடாது. கடலோரச் சரிவு மணலில் ஒரே பக்கமாக நெடுந்தூரம் ஓடக் கூடாது.

உணவில், குறைத்துச் சாப்பிடுவதுதான் பெரிய தவறு. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எலும்பைக் கட்டச் சோறு வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு தவறினால் அதை ஓட்டத்தின் இயல்பான விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். போதாத உணவின் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பும் அதோடு மெலியும். போட்டியில் உடம்பின் மாவுச்சத்துச் சேமிப்பு 30 கிலோமீட்டர் அளவில் தீரத் தொடங்கும். அதனால் முதல் மணி நேரத்திலிருந்தே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். பேரீச்சம்பழமும் நல்லது. கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் செரிக்க நேரமாகும். எதுவாக இருந்தாலும் நீண்ட ஓட்டங்களில் தின்று பழகியதையே போட்டியிலும் தின்னுங்கள்.

போட்டி நாளில் எல்லோரையும் கவிழ்ப்பது முதல் ஐந்து கிலோமீட்டர். நாலரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. கூட்டமும் கைதட்டலும் சேர்ந்து 5:50-இல் ஓட வைக்கும். ஐந்து கிலோமீட்டரில் மூன்று நிமிடம்கூட மிச்சமாகாது. அதற்கு விலையாகக் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் வேகம் எட்டு நிமிடமாகச் சரிந்தால், பதினாறு நிமிடம் போய்விடும். முதல் ஐந்தில் மற்றவர்கள் உங்களைத் தாண்டிப் போகட்டும். காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. நீர் வற்றிய உடம்பில் இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மாத்திரை இல்லாமல் தொடங்க முடியாத கால் 42 கிலோமீட்டர் ஓடக் கூடாத கால். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

முடித்த மறுநாள் செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. தசை வலி நாலைந்து நாளில் போய்விடும், பதக்கம் கையில் இருக்கும், அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கை பரபரக்கும். வலி போனாலும் தசையின் உட்சேதம் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். இங்கேயும் எலும்பு கடைசியில்தான் வரும். முதல் வாரம் நடை மட்டும். இரண்டாவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை மணி நேரம், குழம்புக் கதை வேகத்தில். மூன்றாவது வாரம் முடிந்து, முன்னங்கால் எலும்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்த்து, எங்கேயும் வலிக்கவில்லை என்றால் அப்போது பெயர் கொடுங்கள்.